கிடுகுத் துண்டில் ஒரு பிடிச் சோறு

போன மாதம் எங்கள் வீட்டுப் பூனைக்கு வயிற்றுப்பூச்சி மருந்துக் குளிசை வாங்கலாம் என்று, நான் வேலை செய்து ஓய்வுபெற்ற புத்தளம் மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாய் பூனைகளுக்கென்று தனியறை. கூடுகள் வரிசையாக இருக்கின்றன. சேலைன் தானாகவே அளந்து இறங்குவதற்கு ஒரு மெஷின். கண்ணாடி அலுமாரியில் சின்னச் சின்னத் தகரப்பேணிகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"இது என்ன தங்கச்சி?" என்று நான் இருந்த இடத்தில் இப்போது வேலை செய்யும் பிள்ளையிடம் கேட்டேன்.

"சுகமில்லாத நாய்க்குச் சாப்பாடு நானா. எதையும் திங்காத நாயும் இத வெச்சா நக்கும்" என்று சொல்லி ஒன்றைத் திறந்து காட்டினாள். ஈரல் அரைத்த களி மாதிரி இருந்தது. வாசம் எனக்கே பிடித்தது. "ஒங்கட காலத்துல இது இல்லாம எப்புடி நானா சமாளிச்சீங்க?"

குளிசையை வாங்கிக்கொண்டு, "ஏதோ சமாளிச்சோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் கேட்டது மரியாதைக்குத்தான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டொபி என்ற ஒரு தவிட்டு நிற நாயின் நினைப்புத்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது மன்னார் முசலிப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் ஆட்களோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது இளந்தாரி. கையில் ஒரு பையும், மாடு மேய்த்த அனுபவமும்தான் இருந்தது. அந்த அனுபவத்தைக் கேள்விப்பட்டு ஒருவர், மிருக வைத்திய அலுவலகத்தில் மாட்டுக் கொட்டில் கழுவ நாட்சம்பளத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். கழுவப் போனவன் மாட்டின் கொம்பைப் பிடித்தேன். கொம்பைப் பிடித்தவனிடம் ஊசியைக் கழுவித் தரச் சொன்னார்கள். பிறகு ஊசியையும் போடச் சொன்னார்கள். சில வருடங்களில் வேலை நிரந்தரமானது. என்னுடைய படிப்பு என்றால் அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எங்களிடம் வந்ததெல்லாம் மாடும் ஆடும் கோழியும். நாய் என்றால் விசர்நாய்த் தடுப்பூசி நாளில் மட்டும்தான். ஊர் ஊராகப் போய் மரத்தடியில் மேசை போட்டு உட்காருவோம். கழுத்தில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். நான் மருந்தை ஊசியில் ஏற்றிக் கொடுப்பேன், பிடிப்பது வேறு ஆள். எனக்கு நாய் என்றால் பயமில்லை. ஆனால் எங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். வேலை நேரத்தில் அதற்கெல்லாம் எங்கே போவது? ஆகவே தள்ளியே நின்றேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்த கையோடு எங்கள் அலுவலகத்துக்கு டொக்டர் மல்காந்தி மாற்றலாகி வந்தார். சிலாபத்துப் பக்கம். சிங்களவர், ஆனால் தமிழ் வாயில் சரளமாக வரும். எங்கள் ஆட்கள் அண்ணனை அழைப்பது போல, என்னை முதல் நாளிலிருந்தே 'ஜெமீல் நானா' என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை மிஸ் என்பேன்.

மிஸ்ஸிடம் ஒரு பழக்கம். எந்தப் பிராணி வந்தாலும் முதலில் அதன் பெயரைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் நோய் என்ன, எத்தனை நாள், சொந்தக்காரர் யார் என்பதெல்லாம். வண்ணாத்திவில்லுவிலிருந்து ஒரு விவசாயி எருமையைக் கொண்டுவந்தார். "பேரா? எருமைக்கு ஏது மிஸ் பேரு?" என்றார். மிஸ் விடவில்லை. "வீட்ல எப்படிக் கூப்பிடுற?" என்று கேட்டார். அந்த மனிதர் வெட்கப்பட்டு, "ராசாத்தி" என்றார். அப்புறம் மிஸ் அந்த எருமையின் காதில் "ராசாத்தி" என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டார். அது அசையவில்லை. பெயரினால்தான் அசையாமல் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விவசாயி அசையாமல் நின்றார், கயிறு இழுபடவில்லை.

உச்சமுனைத் தீவுக்கு ஆடுகளுக்கு ஊசி போடப் போவோம். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் நான் முன்னால், மிஸ் பின்னால். இறங்கும் இடத்தில் சேறு முழங்கால்வரை வரும். மிஸ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கி நடப்பார். ஆட்டைப் பிடிக்க ஓடக் கூடாது என்பது அவருடைய சட்டம். "ஓடினா அதுக்கு நம்ம நரி நானா" என்பார். ஆடு தானாக நிற்கும்வரை நாங்களும் வெயிலில் நிற்க வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனால் அந்த வருடம்தான் ஒரு ஆட்டுக்குக்கூடக் கால் முறியவில்லை.

மிஸ் வந்த பிறகு நாய்களும் வரத் தொடங்கின. பிடிக்க ஆள் இல்லாத நாளில் நானும் பிடிக்க வேண்டியதாயிற்று. கையுறை போட்டுக்கொள்வேன். ஆனாலும் முழங்கையில் எச்சில் படும். வேலை முடிந்ததும் வெளியே போய், மதிலோரத்தில் மண் தேடி எடுத்துக் கழுவுவேன். மிஸ் அதை ஒரு நாள் ஜன்னலால் பார்த்திருக்கிறார் போல. அடுத்த நாள் காலையில் பின்பக்கத்துப் பைப்படியில் மூடி போட்ட ஒரு வாளி இருந்தது. திறந்து பார்த்தேன். கடற்கரையிலிருந்து அள்ளி, அரித்து, காயவைத்த வெள்ளை மணல். மிஸ் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மணல் குறையக் குறைய வாளி நிறைந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எந்த நாயையும் பிடிக்க நான் பின்வாங்கவில்லை.

அப்படியான ஒரு காலத்தில்தான் பரீதா வந்தார்.

தில்லையடியின் ஓரத்தில் ஓலைக் குடிலொன்றில் ஆடு வளர்த்து வாழ்ந்த பெண். அவரும் முசலியிலிருந்து வந்தவர்தான். அவருடைய கணவர் காசிம், யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் சொந்தக் காணியில் காடு வெட்டுவதற்காக முன்னால் போயிருந்தார். ஆடுகளும் மூன்று பிள்ளைகளும் பரீதாவோடு. தண்ணீர்க் கான் ஏற்றும் கைவண்டியில் சாக்கை விரித்து, அதில் ஒரு நாயைப் படுக்கப்போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். த்ரீவீல்காரர்கள் யாரும் நாயை ஏற்றச் சம்மதிக்கவில்லையாம். வேர்வையில் அவருடைய முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது.

"இதுட பேரு என்ன?" என்றார் மிஸ்.

"டொபி, மிஸ். புள்ளயள் வெச்ச பேரு."

டொபி என்றால் இனிப்பு டொபிதான். நிறம் அப்படி. பெட்டை நாய். தலையைத் தூக்கவில்லை. மிஸ் தரையில் உட்கார்ந்தார். எந்த நாயையும் அவர் மேசையில் தூக்கி வைக்க மாட்டார், தானே கீழே உட்காருவார். உதட்டை விரலால் தூக்கிப் பல்முரசைக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய முரசு கடதாசி போல வெளுத்திருந்தது. முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டார். தோல் உடனே இறங்காமல் கூடாரம் போல நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. "மூத்திரம் என்ன நிறம்?" என்று கேட்டார்.

"தேத்தண்ணி மாதிரி" என்றார் பரீதா.

மிஸ் டொபியின் காதோரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடியில் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். உண்ணிக் காய்ச்சல். ஊசி போட்டோம். முன்காலில் மயிரை வழித்து சேலைன் ஏற்றினோம். நான் இடுக்கியால் உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஸ்பிரிட் போத்தலுக்குள் போட்டேன்.

பரீதா அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு மிஸ்ஸிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"நானா, நாளைக்கு நான் மன்னாருக்குப் போகோணும். காணி விஷயமா நானே வந்து நிக்கோணுமெண்டு செல்லிட்டாங்க. புள்ளயளயும் ஆடுகளயும் என்ட கூடப்பொறந்த லாத்தா பாத்துக்குவா. இதப் பாக்க ஆரும் இல்ல. நாய்தானே, விட்டுட்டுப் போ எண்டு செல்றாங்க. ஆடு களவெடுக்க வந்தவன்ட கையக் கடிச்சி என்ட குட்டி ரெண்டையும் மீட்ட நாய் இது. எப்புடி நானா விட்டுட்டுப் போற?"

எங்கள் அலுவலகத்தில் பிராணிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. மிஸ் என்னைப் பார்த்தார்.

"நானா, பின்னுக்குக் கொட்டில்ல வெக்க ஏலுமா?"

அவர் கேட்டது கொட்டிலைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. நான் "ஏலும் மிஸ்" என்றேன்.

"எல்லாத்தயும் திங்கும் நானா. சோறு, மீந்தலை, பாண், எதக் குடுத்தாலும் திங்கும்" என்று சொல்லிவிட்டு, டொபியின் தலையைத் தொடாமல், தலைக்குப் பக்கத்தில் தரையைத் தட்டிவிட்டுப் பரீதா போனார்.

ஊசி வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. மூத்திரம் தெளிந்தது. முரசில் இலேசாக ஒரு ரோசா நிறம் வந்தது. மிஸ் சந்தோஷப்பட்டார். இனி குளிசை. அந்தக் குளிசையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிற்றைப் பிரட்டும். சாப்பாட்டோடுதான் போக வேண்டும். சேலைனில் எவ்வளவு நாள்தான் ஒரு உயிரை வைத்திருக்கலாம்? ஆகவே டொபி சாப்பிட வேண்டும்.

டொபி சாப்பிடவில்லை.

முதல் நாள் சோறும் கோழிக்கழுத்தும் குழைய அவித்து, எனாமல் பேசினில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மிஸ் தன்னுடைய முறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். இப்போதும் எனக்கு அவை மனப்பாடம். முதலில் மூக்கைத் துடைக்க வேண்டும். சளி காய்ந்து அடைத்திருந்தால் வாசம் தெரியாது, வாசம் தெரியாத சாப்பாட்டை நாய் சாப்பாடு என்று எடுக்காது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து மெதுவாகத் துடைப்பேன். சாப்பாட்டை இரத்தச் சூட்டில் வைக்க வேண்டும், நம்முடைய மணிக்கட்டில் வைத்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. உப்பு, வெங்காயம் போடக் கூடாது. கொஞ்சமாக வைக்க வேண்டும். வைத்துவிட்டுக் குந்தியிருந்து முகத்தையே பார்க்கக் கூடாது. திரும்பிக்கொண்டால் கெஞ்சாமல் எடுத்துவிட வேண்டும். முன்னாலேயே கிடந்தால் அந்தச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

"அவசரம் வேணாம் நானா" என்பார் மிஸ். "நம்மட அவசரம் அதுட வயித்துக்குத் தெரியாது."

எல்லாம் செய்தேன். கோழிக்குப் பதில் ஈரல். ஈரலுக்குப் பதில் சூடை மீனை அவித்து முள் எடுத்து. பிறகு பாணைச் சூப்பில் ஊறவைத்து. என் மனைவி நூருல் முதல் நாள், "வீட்டுக்க வரக்குள்ள நல்லாக் கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னவள், மூன்றாம் நாள் குசினியில் பழைய சட்டியொன்றைத் தனியாக எடுத்து, முட்டையும் ஈரலும் போட்டு அவளே அவித்துத் தந்தாள். பின்னேரம் நான் படலையைத் திறக்கும்போதே வாசலில் நின்று கேட்பாள்.

"திண்டிச்சா?"

"இல்ல."

"நல்லா வாசமா இருந்திச்சே" என்பாள், ஏதோ விருந்தாளி குறை சொல்லிவிட்டது போல.

விசித்திரம் என்னவென்றால், பேசினைக் கொண்டுபோய் வைத்ததும் டொபியின் வாயில் எச்சில் ஊறும். கடைவாயால் நூல் மாதிரி வடியும். மூக்கு நுனி துடிக்கும். பிறகு பேசினைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடும். மிஸ் அதை ஓங்காளம் என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் பிழையில்லை, வயிற்றைப் பிரட்டும் நாய்க்கும் அதே மாதிரித்தான் எச்சில் வடியும். அதற்கும் ஒரு ஊசி போட்டார். எச்சில் நிற்கவில்லை. மிஸ் தன்னுடைய உள்ளங்கையில் ஈரலை வைத்து நீட்டிப் பார்த்தார். டொபி பின்னால் நகர்ந்து, வாலைக் கால்களுக்கிடையே விட்டுக்கொண்டது.

கடைசியில் சிரிஞ்சினால் கொடுக்கத் தொடங்கினோம். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச். சூப்பை நன்றாக வடித்து எடுப்பேன். வாயை முன்பக்கத்தால் திறக்கக் கூடாது. கன்னத்தின் ஓரத்தை விரலால் இழுத்தால் ஒரு பை மாதிரி விரியும், அதற்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. இருமினால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். குளிசையையும் அதில்தான் கரைத்துக் கொடுத்தோம். பாதி உள்ளே போகும், பாதி என் சட்டையில். டொபி எதிர்க்கவில்லை. ஆனால் கண்களை மூடிக்கொள்ளும். தனக்கு என்னவோ தண்டனை நடக்கிறது என்பது போல.

அது மெலிந்துகொண்டே போனது. விலா எலும்புகளை எண்ணலாம். இடுப்பெலும்பு தோலுக்கு வெளியே வந்துவிடும் போல இருந்தது. ஒரு நாள் எழுந்து நிற்கப் பார்த்து, பின்னங்கால்கள் வழுக்கி அப்படியே இருந்துவிட்டது.

மிஸ் அன்றைக்கு நெடுநேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஈரல் பழுதாகியிருக்குமோ எண்டு பயமா இருக்கு நானா. சொந்தக்காரி வரட்டும். வந்ததும் கதைக்கணும். அது கஷ்டப்படக் கூடாது."

அந்த அலுவலகத்தில் 'கஷ்டப்படக் கூடாது' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கால் முறிந்த மாடுகளுக்கு அந்த ஊசியை நானே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் போகாமல் நான் கொட்டிலில் போய் இருந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனோடு கதைத்தேன். "ஒன்ட ஆக்கள் ஊருக்குப் போகப் போறாங்க. அங்க குளம் இரிக்கி, காடு இரிக்கி. நரியும் இரிக்கி. ஆடுகள ஆரு பாக்குறது?" என்றேன். டொபி காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. முசலிப் பேச்சு அதற்குப் பழக்கமான சத்தமாக இருந்திருக்க வேண்டும். நான் எழும்பிப் போகும்வரை அந்தக் காது திரும்பியபடியே இருந்தது.

பரீதா இரண்டு நாள் கழித்து வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருந்தார், கையில் பை இருந்தது. மிஸ் அவரைக் கதிரையில் உட்காரவைத்து மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் ஒரு பருக்கையும் சாப்பிடவில்லை, செய்யக்கூடியதெல்லாம் செய்துவிட்டோம் என்றார். பரீதா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒருக்காப் பாக்குறேன் மிஸ்" என்றார்.

கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவருடைய குரல் கேட்டதும் டொபியின் வால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான் அதற்கு முடிந்தது. அப்போதுதான் நான் வைத்த சாப்பாடு முன்னால் அப்படியே இருந்தது. பரீதா பேசினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுலயா நானா வெச்சீங்க?"

"ஓம்."

"எல்லா நாளும்?"

"ஓம் தங்கச்சி. கழுவிச் சுத்தமாத்தான் வெச்சோம்."

பரீதா தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! ஏனத்துல வெச்சா அது எப்புடி நானா திங்கும்? எங்கட ஊட்டு ஏனத்துல வாய் வெக்கக் கூடாதெண்டு குட்டியில இருந்து பழக்கினதே நான்தானே! சட்டி, பீங்கான், பேசின் ஒண்டுக்குக் கிட்டயும் வராது. ஆக்கள்ட கையிலயும் வாய் வெக்காது. செத்தாலும் வெக்காது."

அவர் வெளியே போய் வேலியில் ஒரு கிடுகைப் பிடித்து, காய்ந்த ஓலைத் துண்டொன்றை முறித்துக்கொண்டு வந்தார். அதைத் தரையில் போட்டு, பேசினிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளி அதன்மேல் வைத்தார். டொபி சோற்றைப் பார்த்தது. பிறகு பரீதாவைப் பார்த்தது. அசையவில்லை.

பரீதா சொன்னார்: "ஒனக்குத்தான்."

டொபி கழுத்தை நீட்டியது. எழும்ப முடியவில்லை. வயிற்றால் ஊர்ந்து கிடுகின் மேல் வாயை வைத்தது. முதல் பருக்கை நாக்கில் ஒட்டிக் கீழே விழுந்தது. அதையும் தேடி எடுத்தது. பிறகு அந்தச் சத்தம். நாய் சோறு தின்னும் சத்தத்தை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் போல ஒரு நாளும் கேட்டதில்லை.

மிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது.

"ஜெமீல் நானா, நாங்க ரெண்டு பேரும் இத்தன நாளா அதுக்குக் களவெடுக்கச் சொல்லிக் குடுத்திருக்கோம்! அது மாட்டேன் எண்டு சொல்லியிருக்கு!"

நானும் சிரித்தேன். பரீதாதான் சிரிக்கவில்லை. முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "என்ட சொல்லக் கேட்டுத்தானே பட்டினி கெடந்திருக்கி" என்றார். மிஸ் எழும்பிப் போய் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

கிடுகு காலியானதும் பரீதா இன்னொரு பிடி அள்ளப் போனார். மிஸ் கையைத் தடுத்தார். "போதும். காய்ஞ்ச வயிறு. இப்ப நிறையப் போனா வாந்தி எடுக்கும். கொஞ்சம் பொறுத்துக் கொஞ்சம்" என்றார். டொபி வெறும் ஓலையை நக்கிக்கொண்டேயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் மூவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்று பின்னேரம் நான் படலையைத் திறந்தபோது நூருல் வாசலில் நின்றாள். கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "திண்டிச்சி" என்றேன். "எனக்குத் தெரியும், ஈரலுக்கு மிளகு கொஞ்சம் போட்டேன்" என்றாள். நான் அதைத் திருத்தவில்லை.

அடுத்த நாள் காலையில் பரீதாவால் வர முடியவில்லை. நானே கிடுகுத் துண்டில் சோற்றை வைத்து, "ஒனக்குத்தான்" என்றேன். டொபி வாசலைப் பார்த்தது. யாரும் வரவில்லை. மறுபடியும் என்னைப் பார்த்தது. என்னுடைய சொல்லை நம்பலாமா என்று யோசித்தது போல இருந்தது. நான் பார்வையைத் திருப்பி வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, முசலிப் பேச்சில் இன்னொரு தரம் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் ஓலை சரசரத்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை, வேலை நிரந்தரமான கடிதம் வந்த நாளில்கூடப் பட்டதில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மெல்ல மெல்ல. பிடி சோறு இரண்டு பிடியானது. குளிசையை மீன் உருண்டைக்குள் ஒளித்து வைத்தோம். எழும்பி நின்றது, கொட்டிலைச் சுற்றி நடந்தது, ஒரு நாள் வேலிக்கு வந்த மாட்டைப் பார்த்து உறுமியது. பரீதா கைவண்டியோடு வந்தபோது டொபி வண்டியில் ஏறவில்லை. முன்னால் நடந்து போனது.

மிஸ் அன்றிலிருந்து பெயரைக் கேட்ட கையோடு இரண்டாவது கேள்வியும் கேட்கத் தொடங்கினார்: "சாப்பாடு எதில, எப்படிக் குடுக்குற?" உடப்பிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், சடைநாய்க்குட்டி ஒன்று தன் வீட்டை விட்டால் வேறு எங்கும் சாப்பிடுவதில்லை என்று கொண்டுவந்தார். மிஸ் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவர் ஒவ்வொரு நாளும் தன்னுடைய கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் கலக்கும்போதுதான் நாய்க்கும் வைப்பாராம். நான் உள்ளே போய் ஒரு கோப்பையில் கரண்டியைப் போட்டுக் கிண்கிணி என்று கலக்கினேன். நாய் சாப்பிட்டது. தலைமை ஆசிரியர் வெட்கத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

சில மாதங்களில் பரீதாவின் குடும்பம் முசலிக்குப் போனது. சாமான் ஏற்றிய லொறியைப் பார்க்க நானும் தில்லையடிக்குப் போனேன். கூடப் போகும் சொந்தக்காரர்கள் நாயை ஏற்றக் கூடாது என்று நின்றார்கள். காசிம் அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. ஆடுகள் போகும் சின்ன லொறியில் தானும் ஏறிக்கொண்டு, டொபியையும் ஏற்றிக்கொண்டார். "நான் இதோட வாறேன். நீங்க முன்னுக்குப் போங்க" என்றார். கதை அதோடு முடிந்தது.

பரீதா என்னிடம் வந்தார். "நானாவும் நம்மட ஊர்தானே. வரல்லயா?"

"என்ட புள்ளயள் இஞ்ச பொறந்து, இஞ்சயே படிச்சி வளந்தவங்க தங்கச்சி. எனக்கு ஊரெண்டா இப்ப இதுதான்" என்றேன். அப்படிச் சொல்லும்வரை அது எனக்கே தெரியாது.

பிறகு ஒரு தரம் போனேன். பரீதாவின் மூத்த மகளின் கலியாணத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மிஸ் குருநாகல் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, பாலைமரங்களுக்கிடையே மணல் பாதையால் விசாரித்து விசாரித்து நடந்தேன். புதுசாக எழுப்பிய கல் சுவர், முன்னால் ஆட்டுக் கொட்டில், முள் வேலி. வேலிப் படலையில் கை வைத்திருப்பேன், கொட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு தவிட்டு நிறம் பாய்ந்து வந்தது. தோல் பளபளவென்று இருந்தது, கழுத்து தடித்திருந்தது. படலையில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது. கள்ளனைக் குரைப்பது போல.

பரீதா உள்ளேயிருந்து ஓடி வந்தார். வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது. "டொபி! பேசாமக் கெட! இந்த நானாதானே ஒனக்கு உயிர் தந்தவர், தெரியல்லயா?"

"வெரட்டாதீங்க தங்கச்சி, குரைக்கட்டும்" என்றேன். படலைக்கு வெளியே, வெயிலில், கலியாணச் சட்டையோடு நான் நின்றுகொண்டேயிருந்தேன். கலியாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உள்ளே போக அவசரமில்லை.

புத்தளத்துக்குத் திரும்பிய அடுத்த நாள் மிஸ்ஸுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"மிஸ், டொபியப் பாத்தேன்."

"அப்படியா! நானாவ அதுக்குத் தெரிஞ்சிதா?"

"இல்ல மிஸ். படலைக்கிட்டயே வரவிடல்ல. குரைச்சே தள்ளிட்டிச்சி."

மிஸ் மனவருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ வேறு.

"எப்படிக் குரைச்சது நானா? தொண்டையாலயா, வயித்தாலயா?"

நான் அந்தச் சத்தத்தை நினைத்துப் பார்த்தேன்.

"வயித்தால மிஸ்."

"அப்ப நல்லாச் சாப்பிடுது" என்றார்.